ஒற்றை இழையும் ஒரு பிடி அரிசியும்

பட்டுப் பாவில் ஓர் இழை அறுந்தால் தறி நின்றுவிடாது. அப்படியே நெய்துகொண்டு போகலாம். ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்று குறைந்தது பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்குக்கூடப் படாது. ஆனால் அறுந்த இடத்திலிருந்து சேலையின் நீளத்துக்கும் ஒரு மெல்லிய கோடு கூடவே வரும். நெய்த சேலையைப் பிரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்தக் கோடுதான் முதலில் தெரியும். கூலி கொடுப்பவர்கள் முதலில் செய்வதும் அதுதான், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது.

இழை அறுந்தது தெரிந்ததும் அப்பா மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவார். நாடாவை ஓரமாக வைப்பார். குழியில் உட்கார்ந்தபடியே முன்னால் சாய்ந்து, விழுதுக்குப் பின்னால் அறுந்த முனையைத் தேடுவார். விரலில் கொஞ்சம் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, அந்த முனையோடு ஒட்டு நூலைச் சேர்த்து முறுக்குவார். பிறகு விழுதின் கண்ணில் நுழைத்து, அச்சின் பல்லுக்கு நடுவே கொக்கியால் இழுத்து, நெய்த துணியின் விளிம்பில் குண்டூசி குத்தி அதில் சுற்றிவிடுவார். இழுத்த இழை மற்றவற்றைவிடத் தளர்வாக இருந்தாலும் ஆகாது, விறைப்பாக இருந்தாலும் ஆகாது. விரல் நுனியால் மேலாகத் தடவிப் பார்த்துச் சரிசெய்வார். அதன்பிறகுதான் மறுபடி மிதியில் கால்.

"ஒத்த இழதானேன்னு உட்டுட்டா, அது சேலைய உட்டுப் போவாதுடா" என்பார்.

எங்கள் ஊர் பெரணமல்லூர். சேத்துப்பட்டு, வந்தவாசி, ஆரணி மூன்றுக்கும் நடுவில் இருக்கிறது. சுற்றிலும் நெல்லும் மல்லாட்டையும் விளைகிற மண். ஆரணிப் பட்டு என்று ஊர் ஊராகப் போகும் சேலைகளில் பலவும் சுற்று வட்டாரத்து வீடுகளின் கூடத்தில் நெய்தவைதான். எங்கள் வீட்டிலும் கூடம் முழுக்கத் தறிதான். மேலே ஜக்காட்டுப் பெட்டி, அதில் தொங்கும் அட்டைகள், கீழே குழி. நாங்கள் சாப்பிட்டது, படித்தது, தூங்கியது எல்லாம் தறி விட்டுவைத்த இடத்தில். ராத்திரி குடும்ப ஜெபத்துக்கு முழங்கால் போடுவதும் பாவுக்குப் பக்கத்தில்தான். ஜெபத்தின்போது தம்பி கைநீட்டி நூலைத் தொட்டுவிடாமல் அம்மா ஒரு கண்ணைத் திறந்து வைத்திருப்பாள்.

எங்கள் தெருவில் கிறிஸ்தவ வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கோடைகாலத்தில் பக்கத்து ஊர்களில் நற்செய்திக் கூட்டங்கள் நடக்கும். டியூப்லைட் கட்டி, ஒலிபெருக்கி வைத்து, வெளியூரிலிருந்து பேச்சாளர் வருவார். அங்கே சாட்சி சொல்ல மேடை ஏறுபவர்களை வாயைப் பிளந்து கேட்டிருக்கிறேன். தீராத நோய் தீர்ந்தது, கைவிட்டுப்போன நிலம் திரும்பி வந்தது, குடிகாரப் புருஷன் ஒரே ராத்திரியில் மாறினான் என்பார்கள். அவற்றை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியில் எனக்குள் ஒரு கேள்வி இருக்கும்: நம் வீட்டில் ஏன் சாட்சி சொல்கிற மாதிரி எதுவும் நடப்பதில்லை? பாவு வரும், பாவு முடியும், கூலி வரும், கடன் அடையும், மறுபடி கடன் வரும். மேடையில் சொல்ல இதில் என்ன இருக்கிறது?

எனக்கு விசுவாசம் என்று ஒன்று இருக்குமானால் அது வந்தது அந்த வீட்டிலிருந்துதான், மேடைகளிலிருந்து அல்ல. இதைச் சொல்ல எனக்கு வயதாக வேண்டியிருந்தது.

அடுப்படியில் உப்புச்சாடிக்குப் பக்கத்தில் ஆயா, அதாவது அப்பாவின் அம்மா, ஒரு மண் கலயம் வைத்திருந்தார். வாயில் ஒரு கிழிசல் துணியைக் கட்டியிருப்பார். உலை கொதித்ததும் படியால் அரிசி அளந்து முறத்தில் கொட்டி, கல் பொறுக்கி, களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போடுவார். உதடு அசையும். என்ன சொல்வார் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. அதற்குள் அடுப்பு அணைந்துவிடக் கூடாதே என்று ஒரு கை விறகைத் தள்ளிக்கொண்டிருக்கும். பிடியரிசிக் காணிக்கை என்று சபையில் அதற்குப் பெயர். தமிழ்நாட்டின் பல சபைகளில் இது உண்டு, பலருக்கும் தெரிந்த வழக்கம்தான்.

ஆயாவின் முறையில் ஒரு கண்டிப்பு இருந்தது. மூட்டையிலிருந்து நேராகக் கலயத்துக்குப் போடமாட்டார். எங்களுக்கென்று அளந்த அரிசியிலிருந்துதான் எடுக்க வேண்டும். எடுத்தபின் குறைந்ததை ஈடுகட்ட மேலே அள்ளிப் போடவும் கூடாது. "மூட்டையிலேந்து எடுத்தா மூட்டதான் குடுத்துது. நம்ம சோத்துலேந்து எடுத்தாதான் நாம குடுத்துது" என்பார். அந்த ஒரு பிடி குறைந்த சோற்றைத்தான் நாங்கள் எல்லாரும் சாப்பிட்டோம். யார் தட்டில் குறைந்தது என்று கண்டுபிடிக்க முடியாதபடி குறைந்தது. பெரும்பாலும் ஆயாவின் தட்டில்தான் குறைந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் எங்களுக்குப் பொல்லாதவை. மழை பிடித்துக்கொண்டால் குழியில் ஈரம் ஊறிவிடும். தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட முடியாது. நூல் சவசவத்துப் போய் அறுந்துகொண்டே இருக்கும். வேலை நின்றால் கூலியும் நிற்கும். அப்படிப்பட்ட ஒரு மழைநாளில் அம்மா பக்கத்து வீட்டில் ஒரு படி அரிசி கைமாற்றாக வாங்கிவந்தாள். ஆயா வழக்கம்போல ஒரு பிடியை எடுத்தார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"கடன் வாங்கின அரிசிலயுமா அத்தே?"

"கடன அடைக்கப்போறது நாமதான? அதுக்கு அவரு பங்கு இன்னாத்துக்கு நிக்கணும்?"

அம்மா மேற்கொண்டு பேசவில்லை. ஆனால் ஆயா காலமான பிறகு, யாரும் சொல்லாமலே, அம்மாவும் அளந்த அரிசியிலிருந்துதான் எடுத்தாள்.

மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை கலயங்கள் கோயிலுக்கு வரும். பீடத்துக்குக் கீழே ஒரு பெரிய அண்டாவில் ஒவ்வொருவராகக் கொட்டுவார்கள். ஒரு வீட்டில் புழுங்கல், ஒரு வீட்டில் பச்சை, ஒரு வீட்டில் ரேஷன் அரிசி, வசதியான வீட்டிலிருந்து ஆரணி ஆலையில் அரைத்த சன்ன ரகம். அண்டாவுக்குள் எல்லாம் ஒன்றாகிவிடும். ஆராதனை முடிந்ததும் கோயில்பிள்ளை படியால் அளந்து ஏலம் விடுவார். கலந்த அரிசி ஒரே பதத்தில் வேகாது. ஒன்று குழைந்துவிடும், ஒன்று நறுக்கென்று நிற்கும். அதனால் வசதியுள்ளவர்கள் கேட்கமாட்டார்கள், விலை ஏறாது. விலை ஏறாததால் இல்லாதவர்கள் வாங்கிப் போக முடிந்தது. இதை யாரும் யோசித்து ஏற்பாடு செய்ததாகத் தெரியவில்லை. ஆனால் மாதாமாதம் அப்படித்தான் நடந்தது. கிடைத்த காசில் விளக்குக்கு மண்ணெண்ணெய், ஊழியக்காரரின் சைக்கிளுக்கு டயர், வேலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போகிற யாருக்காவது பஸ் செலவு.

அந்த வேலூர் ஆஸ்பத்திரியில்தான் எங்கள் கலயத்தின் உறவுக்காரர்களைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அம்மாவுக்கு ஓர் அறுவை சிகிச்சை. வார்டில் இருந்த தாதிகளில் ஒருவர் மிசோரம்காரர், கொஞ்சம் தமிழ் பேசுவார். அம்மா அவரிடம் ஊர்க்கதை எல்லாம் பேசுகையில் பிடியரிசி பற்றியும் சொன்னாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு, தன் ஊரிலும் சோறு வடிக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி எடுத்துவைப்பதாகச் சொன்னார். 'புஹ்ஃபாய் தாம்' என்று அதற்கு அவர்கள் மொழியில் பெயர். மிசோரம் பிரெஸ்பிட்டேரியன் சபையில் 1910-ல் தொடங்கிய வழக்கம் அது. பெண்கள் முன்னின்று நடத்துவது. இன்று அந்தச் சபை அரிசியிலிருந்து கோடிக்கணக்கான ரூபாய் திரட்டுகிறது. அம்மாவுக்குக் கோடிக்கணக்கு பெரிதாகப் படவில்லை. "அவங்க ஊர்லயும் களையறதுக்கு முன்னாடியே எடுத்துடுவாங்களாம்" என்பதைத்தான் ஊருக்கு வந்து எல்லாரிடமும் சொன்னாள்.

வேலூர் என்றதும் ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதையைச் சொல்லாமல் போக முடியாது. எங்கள் பக்கத்துச் சபைகளில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அது மனப்பாடம். கதையின் முதல் இழை இன்னும் பழையது. நியூயார்க்கில் மருத்துவம் செய்துகொண்டிருந்த ஜான் ஸ்கடர், ஒரு நோயாளியின் வீட்டில் காத்திருந்த நேரத்தில் மேசைமேல் கிடந்த ஒரு சிறு கையேட்டை எடுத்துப் படித்தார். உலகத்தில் சுவிசேஷம் கேட்காதவர்களைப் பற்றிய கையேடு அது. 1819-ல் அவர் கப்பல் ஏறி இலங்கைக்கு வந்தார், யாழ்ப்பாணத்தில் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்தார், பிறகு சென்னை. அவருடைய பிள்ளைகள் 1853-ல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். ஆரணியும் அந்த மிஷனின் நிலையங்களில் ஒன்று. அவருடைய பேத்திதான் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா. அமெரிக்காவில் மருத்துவம் படித்துவிட்டு 1900-ல் வேலூருக்கு வந்து, ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவமனையைத் தொடங்கினார். 1902-ல் 40 படுக்கைகள், 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்றைக்கு 2,000-க்கும் மேற்பட்ட படுக்கைகள்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் கடைசி எண்ணுக்கு வந்ததும் குரலை உயர்த்துவார்கள். "பார்த்தீர்களா, ஒரு படுக்கை எங்கே கொண்டுபோய் விட்டது!" சிறியதை அற்பமாக எண்ணாதே, அது நாளைக்குப் பெரிதாகும் என்று முடிப்பார்கள். கடுகு விதையின் உவமையையும் சேர்த்துக்கொள்வார்கள். எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. நாளைக்குப் பெரிதாகும் என்பதற்காகச் சிறியதை மதித்தால், நாம் மதிப்பது பெரியதைத்தான். 1900-ல் அந்த ஒற்றைப் படுக்கையில் படுத்திருந்த பெண்ணை நினைத்துப் பார்க்கிறேன். பின்னால் வரப்போகிற 2,000 படுக்கைகள் அவளுக்கு எதற்கு? அவளுக்குத் தேவை ஒன்று, அது இருந்தது. அன்றே அந்தக் காரியம் முழுமையாகிவிட்டது. வேலூரில் அதற்குமேல் ஒரு செங்கல்கூட எழும்பாமல் போயிருந்தாலும் அந்தப் படுக்கை வீண்போயிருக்காது.

ஐடா அம்மையாரே இதை அறிந்தவர் என்றுதான் நினைக்கிறேன். பெரிய மருத்துவமனை வந்த பிறகும் அவர் குடியாத்தம் சாலையில் மரத்தடிக்கு மரத்தடி வண்டியை நிறுத்தி, காத்திருந்தவர்களின் கண்ணுக்கு மருந்து விட்டார், புண்ணுக்குக் கட்டுப் போட்டார். அந்த மரத்தடிகளில் பெரும்பாலானவை ஆஸ்பத்திரியாக வளரவில்லை.

சுவிசேஷத்தில் ஏழை விதவை ஆலயக் காணிக்கைப் பெட்டியில் போட்ட இரண்டு காசுகளையும் இப்படித்தான் நான் வாசிக்கிறேன். அந்தக் காசு லெப்டான், யூதேயாவில் புழங்கிய காசுகளிலேயே மிகச் சிறியது. கூலியாள் ஒருவரின் ஒரு நாள் சம்பளம் ஒரு தெனாரியம். இரண்டு லெப்டான் சேர்ந்தால் அதில் 64-ல் ஒரு பங்கு. கூலிக்கு நெய்கிற வீட்டில் வளர்ந்தவனுக்கு இந்தக் கணக்கு சட்டென்று உறைக்கும். நாடாவைக் கொஞ்ச நேரம் தள்ளினால் கிடைத்துவிடக்கூடிய காசு. அதைக் கொண்டு ஆலயத்தில் எதைக் கட்டியிருக்க முடியும்? மாற்குவின் சுவிசேஷத்தில் இந்தச் சம்பவம் முடிந்த கையோடு, சீஷன் ஒருவன் ஆலயத்தின் பெரிய கற்களைக் காட்டி வியக்கிறான். ஒரு கல்லின்மேல் ஒரு கல் நிற்காது என்று இயேசு அவனுக்குச் சொல்லிவிடுகிறார். கி.பி. 70-ல் ரோமப் படை அந்த ஆலயத்தை இடித்துப் போட்டது. பணக்காரர்கள் போட்டதும் போயிற்று, விதவை போட்டதும் போயிற்று. அவள் காசு எதுவாகவும் வளரவில்லை. ஆனாலும் இயேசு அதைப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். எனக்குப் போதுமானது அந்தப் பார்வை.

ஆயாவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் தனியாக இருந்தார். ஒரு காலத்தில் நல்ல நெசவாளி. தொழுநோய் வந்து, மருந்து சாப்பிட்டு, நோய் போயும் போய்விட்டது. ஆனால் விரல்களிலும் பாதங்களிலும் உணர்ச்சி திரும்பவில்லை. தொட்டால் நூல் தெரியாத விரலோடு பட்டு நெய்ய முடியாது. ஊரில் யாரும் அவரை விரட்டவில்லை, அவர் வீட்டுக்கு யாரும் போகவும் இல்லை. அவர் எங்கள் சபைக்காரரும் அல்ல.

ஆயா சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன் அங்கே போவார். நானும் சில நாள் கூடப் போயிருக்கிறேன். பழைய அலுமினியப் பேசினில் தண்ணீர் ஊற்றி, முதலில் தன் கையை அதில் வைத்துப் பார்ப்பார். சூடு இருந்தால் பெரியவருக்குத் தெரியாது, வெந்துவிடும். அதனால் ஒவ்வொரு தடவையும் ஆயாவின் கை முதலில். பிறகு பெரியவர் இரண்டு பாதங்களையும் தண்ணீரில் வைத்து ஊறவிடுவார். அந்த நேரத்தில் இருவரும் ஊர்க்கதை பேசுவார்கள்: எந்தக் கடையில் சரிகை விலை ஏறிவிட்டது, யார் வீட்டில் பாவு சிக்கலாகிவிட்டது. தோல் மெத்தென்று ஆனதும் கல்லால் மெதுவாகத் தேய்த்துத் தடிப்பை எடுப்பார். துடைத்து, ஈரம் காய்வதற்குள் மல்லாட்டை எண்ணெய் தடவுவார். கடைசியாக விளக்கைக் கிட்டே கொண்டுவரச் சொல்லி ஒவ்வொரு விரலிடுக்காகப் பார்ப்பார். ஒருநாள் குதிகாலில் ஒரு வேலிக்காத்தான் முள் முழுசாக ஏறியிருந்தது. பெரியவர் காலையிலிருந்து அதோடு நடந்திருக்கிறார், வலியே தெரியவில்லை. ஆயா ஊசியால் அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். "பாருய்யா, இத்த வெச்சிக்கினுதான் கடைத்தெரு வரைக்கும் போயி வந்துகீற."

இது ஆயாவாகக் கண்டுபிடித்த வைத்தியம் அல்ல. பெரியவருக்கு ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்து அனுப்பியது. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் வேலூரில் வேலை செய்தபோது கண்டு சொன்ன உண்மை அதன் பின்னால் இருக்கிறது. தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் காயம் தெரியவில்லை, காயம் தெரியாததால் கவனிப்பு இல்லை, கவனிப்பு இல்லாததால் புண் எலும்புவரை போகிறது. வடஆற்காட்டில் அந்நோய் மிகுந்திருந்த காலம் அது. கையின் தசைநாண்களை மாற்றி இணைக்கிற நுட்பமான அறுவை சிகிச்சைகளுக்காக உலகமே பிராண்டைக் கொண்டாடியது. ஆனால் வேலூருக்குப் பக்கத்தில் 1955-ல் அமைந்த கரிகிரி மருத்துவமனையிலும் மற்ற இடங்களிலும் ஆயிரக்கணக்கானவர்களின் பாதங்களைக் காப்பாற்றியதில் இன்னொன்றுக்கும் பங்குண்டு. மெத்தென்ற ரப்பர் செருப்பு, ஒரு பேசின் தண்ணீர், கொஞ்சம் எண்ணெய், தினமும் ஒருமுறை உள்ளங்காலைப் பார்ப்பது. ஒருநாள் பார்த்துவிட்டு மறுநாள் விட்டால் பயன் இல்லை. அந்தத் 'தினமும்' என்பதில்தான் மருத்துவமே இருக்கிறது.

பெரிய வியாழன் ஆராதனையில் இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியதை வாசிக்கும்போது மற்றவர்களுக்கு என்ன தோன்றுமோ, எனக்கு அலுமினியப் பேசினும் அதில் முதலில் இறங்கும் ஆயாவின் கையும்தான் தோன்றும். ஆயா அதை ஊழியம் என்று ஒருபோதும் சொன்னதில்லை. பெரியவரிடம் மதம் பற்றிப் பேசினதும் இல்லை. விளக்கைப் பிடிக்கும்போது நேராகப் பிடி என்று என்னைத் திட்டியதோடு சரி.

அப்பாவுக்கு வேதத்தில் வேறு ருசி. அவர் அதிகம் படித்தவர் அல்ல. பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில் யோவான் எழுதிய பகுதியை வாசிக்கும்போது ஓரிடத்தில் அவர் நிமிர்ந்து உட்காருவார். போர்ச்சேவகர்கள் இயேசுவின் வஸ்திரங்களை நான்காகப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். உள்ளங்கியை மட்டும் கிழிக்கவில்லை, சீட்டுப் போட்டார்கள். ஏனென்றால் அது தையலே இல்லாமல் மேலிருந்து முழுக்க நெய்தது. "அவ்ளோ கொடும பண்ணவனுங்களுக்கே அத்த கிழிக்க மனசு வரல பாரு" என்பார் வீட்டுக்கு வந்து. நெய்தது யார் என்று அடுத்த கேள்வி. வேதத்தில் பதில் இல்லை. யாரோ ஒரு பெண், யாரோ ஒரு நெசவாளி, இழை இழையாகப் பார்த்து நெய்திருக்க வேண்டும். சிலுவையின் அடியில், அத்தனை இருட்டுக்கும் நடுவில், ஒரு நெசவாளியின் வேலைக்கு மரியாதை கிடைத்தது என்று அப்பா நம்பினார். நானும் நம்புகிறேன்.

இயேசு உயிர்த்தெழுந்த காலையிலும் யோவான் ஒரு துணியைக் கவனிக்கிறார். தலையில் சுற்றியிருந்த சீலை மற்ற துணிகளோடு கிடக்காமல் தனியே ஓரிடத்தில் சுருட்டி வைத்திருந்தது. மரணத்தை ஜெயித்த நாளில் அந்தச் சீலையைச் சுருட்டி வைக்க நேரம் இருந்திருக்கிறது! பிரசங்கிகள் இந்த வசனத்தை ஓரிரு வார்த்தையில் கடந்து போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் அதைக் கடந்து போனதில்லை. துணியைக் கண்ட இடத்தில் போட்டால் அம்மா எங்களை எழுப்பி நிறுத்தி அதைத்தான் நினைவூட்டுவாள்.

ஐயாயிரம் பேர் சாப்பிட்ட பிறகு மீந்த துணிக்கைகளை இயேசு சேர்க்கச் சொன்னதும் அப்படித்தான். அவ்வளவு பேருக்கு உணவு தர முடிகிறவருக்கு மீந்தவை எதற்கு? ஆனாலும் ஒன்றும் வீணாகக் கூடாது என்றார். தறிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கும். ஒட்டுப் போட்டபின் வெட்டிய நுனி, தாரில் மிஞ்சிய நூல், சரிகைத் துண்டு எல்லாம் அதில். அப்பா குழியைவிட்டு எழுந்ததும் ஆயா தரையைக் கையால் தடவித் தடவிப் பொறுக்குவார். நிறைய நாள் கழித்துப் பழைய பட்டு, பழைய சரிகை வாங்குகிறவர் தெருவில் வருவார், எடை போட்டு வாங்கிப் போவார். அந்தக் காசு பிள்ளைகளுக்கு. நோட்டு, பென்சில், திருவிழாவில் ஒரு பலூன்.

ஒவ்வொரு திருவிருந்திலும் என் கையில் வைக்கப்படுவது நகத்தளவு அப்பம். அதைப் பெரிய துண்டாகக் கொடுத்தால் கிருபை கூடுமா? இந்தச் சபையில் வளர்ந்த எந்தக் குழந்தைக்கும் அதற்குப் பதில் தெரியும். ஆனால் கோயிலைவிட்டு வெளியே வந்ததும் நாம் எல்லாவற்றையும் அளவைக்கொண்டே பேசத் தொடங்கிவிடுகிறோம். எவ்வளவு பேர் வந்தார்கள், கோபுரம் எவ்வளவு உயரம், யார் எவ்வளவு கொடுத்தார் என்று பலகையில் எழுதிவைக்கிறோம். எங்களுக்குப் பக்கத்தில் சேத்துப்பட்டில் லூர்து மாதா கோயில் இருக்கிறது. அதன் உயரத்தை நானும் அண்ணாந்து பார்த்து மகிழ்ந்திருக்கிறேன். பெரியதை நான் குறைசொல்லவில்லை. எதைப் பார்த்தாலும் பெரியதை மட்டுமே பார்க்கிற கண் நமக்கு வந்துவிட்டதே என்பதுதான் என் கவலை.

இப்போது எங்கள் தெருவில் தறிச் சத்தம் குறைந்துவிட்டது. பிள்ளைகள் செய்யாறு பக்கம் கம்பெனி வேலைக்கும் சென்னைக்கும் போகிறார்கள். 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். அரிசிக்காகக் கைமாற்று வாங்கிய காலம் போயிற்று, அதற்காக நான் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் சபைக் கூட்டத்தில் ஓர் இளைஞர், பிடியரிசியை நிறுத்திவிட்டு மாதம் ஒரு தொகையை ஜிபேயில் போட்டுவிடலாமே என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அரிசி விற்றால் வரும் காசு சொற்பம். அளப்பது, காப்பது, வண்டு விழாமல் பார்ப்பது எல்லாம் வேலை. பெரியவர்கள் பலரும் தலையசைத்தார்கள்.

தார் சுற்றிப் பிழைக்கிற ஒரு மருமகப் பெண் எழுந்தாள். கூட்டத்தில் அதற்குமுன் அவள் பேசி நான் கேட்டதில்லை. "காசு மாசத்துக்கு ஒரு வாட்டி போட்டுட்டு மறந்துடுவோங்கய்யா. அரிசின்னா தெனிக்கும் ரெண்டு வேள கைய வெக்க வேண்டியதா கீது. அப்ப யாரையாவது நெனைக்கறோம் இல்ல?"

அரிசி தொடர்ந்தது. ஜிபேயும் வந்தது. அளக்கிற பொறுப்பையும் கணக்கு நோட்டையும் அந்தப் பெண்ணிடமே கொடுத்தார்கள். அரிசி விற்ற காசு இப்போது டயாலிசிசுக்குப் போய்வரும் ஒருவரின் ஆட்டோ வாடகையில் ஒரு பகுதிக்குப் போகிறது, அது முழு வாடகைக்குக் காணாது. மீதியை அந்த ஆட்டோக்காரரே விட்டுக்கொடுக்கிறார். அவர் வேறு கோயிலுக்குப் போகிறவர். அவர் விட்டுக்கொடுத்த தொகையையும் வரவுப் பக்கத்தில் எழுத வேண்டும் என்று அந்தப் பெண் பிடிவாதமாக இருக்கிறாள். வராத காசை எப்படி வரவில் எழுதுவது என்று செயலாளர் கேட்கிறார். போன மாதம்வரை இது தீரவில்லை.